யாரையும் எழுப்பாத கட்டில்

என் மாமனாரை எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்க வைக்க எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.

அவர் கரைத்தீவில் மகள் வீட்டில் இருக்கிறார். கற்பிட்டியில் இருக்கும் எங்களிடம் மாதம் ஒரு தடவை வருவார். இரண்டு பஸ் மாற வேண்டும். எழுபது தாண்டிய மனிதர் அவ்வளவு தூரம் குலுங்கி வந்து, பகல் சாப்பிட்டு, பிள்ளைகளோடு கொஞ்சம் கதைத்து, பின்னேரம் அசர் தொழுத கையோடு செருப்பைத் தேடுவார். அவர் வருகிறார் என்று தெரிந்தாலே நான் எங்கள் அறையை ஒழித்து, கல்யாணத்துக்கு வாங்கிய விரிப்பை விரித்து, எங்கள் தலையணைகளைப் பாயோடு சுருட்டி ஹோலில் வைத்துவிடுவேன். வந்தவருக்கு வீட்டில் உள்ள நல்ல கட்டிலைக் கொடுப்பதுதான் எங்கள் மரியாதை. அவர் அறை வாசல் வரை வந்து அந்த விரிப்பைப் பார்ப்பார். பிறகு, "கடைசி பஸ் போயிரும் மகள்" என்பார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இது என் சீதன வீடு என்பதால்தான் தங்க மறுக்கிறார் என்று நினைத்தேன். அதைச் சொல்லிக் கணவரோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். அவருக்கும் காரணம் தெரியாது. வாப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் என் பொறுமை போய்விட்டது. வந்திருந்த மாமனாரின் செருப்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"எங்கட வீட்டுல உங்களுக்கு என்ன குறை மாமா? சொல்லிட்டுப் போங்க."

அவர் வெறுங்காலோடு விறாந்தையில் இருந்துகொண்டு சொன்னார்.

"ஒரு குறையும் இல்ல மகள். தொண்ணூறுல முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கத்துக்காரங்க மன்னார்ல இருந்து போகச் சொல்லி, வள்ளத்துல வந்து எறங்கினப்ப, இந்தக் கரையில ஒரு வீட்டுல கட்டில் தந்தாங்க. நல்ல சனம். மூணு மாசம் நானும் உங்கட மாமியும் அதுல படுத்தம். அந்த வீட்டுக்காரப் புள்ள மாசமா இருந்தா. அவ சிமெந்துத் தரையில பாயப் போட்டுப் படுத்தா. விடிய எழும்பக்குள்ள இடுப்பப் புடிச்சிட்டுத்தான் எழும்புவா. போதும் மகள். இனி ஒருத்தரையும் எழுப்பிட்டு நான் படுக்க மாட்டேன்."

செருப்பை எடுத்துக் கொடுத்தேன். பதினொரு வருடமாக விரிப்பை விரித்து விரித்து அவரைத் துரத்தியவள் நான்தான். அன்று பஸ் போன பிறகு அழுதேன்.

இருப்பது இரண்டு அறை. ஹோலில் தனிக் கட்டில் போட்டால், தனக்காகத்தான் போட்டது என்று அதற்கும் கூச்சப்படுவார். அப்போதுதான் மாரவிலப் பக்கம் பழைய தோட்டத்து பங்களா ஒன்றை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கணவர் அங்கே கிடந்த ஒரு சோபாவை லொறியில் ஏற்றி வந்தார். அறுபது எழுபது வருடத்துச் சாமான். தேக்குச் சட்டம், சரிந்த மெல்லிய கால்கள், முதுகுப் பக்கத்தை இழுத்துச் சரித்தால் கட்டில். ஆனால் முதுகைத் தாங்கும் இரும்புப் பல்லுகள் துருப்பிடித்துக் கிடந்தன. முதலில் சாய்ந்த நான் அப்படியே மல்லாந்து விழுந்தேன். பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்தார்கள்.

தச்சு பாஸ் பச்சைப் பெயின்டைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவந்தார். வள்ளத்து இன்ஜின் திருத்துகிற கடையில் கொடுத்து இரும்பைப் புதிதாக வெட்டுவித்தோம். தூளாகிப்போன பழைய தும்பைக் கொட்டிவிட்டு, புதுத் தும்பும் மேலே பஞ்சும் அடைத்து, நீலத் துணியில் உறையை நானே தைத்தேன். இரண்டு இடத்தில் தையல் கோணல். பிரித்துத் தைக்க எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த தடவை அவர் வந்தபோது நான் அறையை ஒழிக்கவில்லை. அசருக்குப் பிறகு சோபாவின் முதுகைச் சரித்துக் காட்டினேன்.

"இது யார்ட கட்டில்?"

"ஒருத்தர்டயும் இல்ல மாமா. பகல்ல எல்லாரும் இருக்கிறது. ராவைக்குச் சும்மாதான் கிடக்கும்."

கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதில் ஏறி இருந்தார். சந்தியில் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவர் எழும்பவில்லை.

காலையில் நான் ஹோலுக்கு வந்தபோது சுபஹு தொழுதுவிட்டு, சோபாவை நிமிர்த்தி அதில் இருந்தார்.

"நீங்க எங்க மகள் படுத்தீங்க?"

"எங்கட கட்டில்லதான் மாமா."

நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். நான் எழும்பிய கையோடு கட்டிலைத் தட்டி விரிக்கிறவள். கலைந்த கட்டிலை இன்னொருவர் கண்ணில் பட விட்டதே இல்லை. அன்றைக்கு அதைத் தொடவில்லை. கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தேன். கசங்கிய விரிப்பு, கால்மாட்டில் சுருண்ட போர்வை, இரண்டு தலையணையிலும் தலை வைத்த பள்ளம்.

அவர் எழும்பி வந்து வாசலில் நின்று பார்த்தார். ஆறுதலாகப் பார்த்தார்.

"நல்லா உறங்கி இருக்கீங்க" என்றார். "தேத்தண்ணி வைங்க மகள். பத்து மணி பஸ்ல போறேன்."

பத்து மணி பஸ்ஸும் அவர் இல்லாமல்தான் போனது.