கட்டை மேல் நின்ற மோட்டார்

இதைப் படிக்கிறவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ரகரமா பெரிய றகரமா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். வரி நேராகப் போகாது. வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வேலை பார்த்த செட்டியார் வீட்டு வாசலில் நான் வீட்டுக்கார ஆச்சியை அதட்டினேன் என்றும், அவர்கள் பிள்ளையின் பயணத்துக்குக் குறுக்கே நின்றேன் என்றும் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். மறுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

காரைக்குடிக்கு ரயில் வருவதற்கு முந்திய காலம் அது. நான் அந்த வீட்டில் மோட்டார் துடைக்கிற வேலையில் இருந்தேன். என் அக்காள் புருஷன், என் மச்சான், அதே மோட்டாருக்கு டிரைவர். வீட்டு முதலாளியான அப்பச்சி ரங்கூனில் இருந்தார். வீட்டை ஆண்டது அவர் மனைவி, ஆச்சி.

அந்த மோட்டாரை அப்பச்சி சென்னையில் ஒரு துரையிடம் வாங்கினார். இரண்டு கதவு, உள்ளே இரண்டே இரண்டு ஆசனம், சிவப்புத் தோல் மெத்தை. பழசானாலும் பார்க்க ராஜ வண்டி. வாங்குகிறபோது ஒரு விஷயம் யாருக்கும் தோன்றவில்லை. துரை தானே ஓட்டினார், பக்கத்தில் துரைசானி உட்கார்ந்தாள். அப்பச்சிக்கு ஓட்டத் தெரியாது. ஓர் ஆசனம் டிரைவருக்குப் போய்விட்டது. டிரைவருக்குப் பக்கத்தில் ஆச்சி உட்காருவார்களா? வண்டியின் பின்பக்க மூடியைத் தூக்கினால் திறந்த வெளியில் ஒரு சின்ன ஆசனம் இருந்தது. அதை டிக்கி என்பார்கள். ஆச்சி எப்போதும் அதில்தான். பிள்ளையார்பட்டிக்குப் போனால் மச்சான் உள்ளே நிழலில் மெத்தையில் இருப்பார். ஆச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, சமையல்காரம்மாளும் தேங்காய்ச் சாக்கும் பித்தளைக் குடமுமாகப் பின்னால் வருவார்கள். எதிரே வருகிறவர்கள் மச்சானைத்தான் முதலாளி என்று கும்பிடுவார்கள். அவரும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார்.

இப்படிப் பல வருஷம் பின்பக்கமே பாரம் ஏறி ஏறி, கமான் பட்டைகள் படுத்துவிட்டன. வண்டியைத் தாங்குகிற வளைந்த எஃகுப் பட்டைகள் அவை. வலப்பக்கத்துப் பெரிய பட்டை வெடித்தும் விட்டது. அவற்றை வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டுகிற ஆணிகளும், ஆணி உட்காருகிற பித்தளைக் குழல்களும் தேய்ந்து, மேடு பள்ளத்தில் வண்டியின் பின்பாகம் நொண்டி மாடு மாதிரி ஆடியது. மச்சான் சொல்லி, புதுச் சாமான் அனுப்பும்படி சென்னைக்கு எழுதிக் கேட்டிருந்தோம். அது வந்து சேர்ந்தது வீட்டுப் பிள்ளை ரங்கூனுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள்.

அதுதான் அந்தப் பிள்ளைக்கு முதல் பயணம். கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று அவர்கள் சொல்வார்கள். திருச்சி வரை மோட்டார், அப்புறம் ரயில், அப்புறம் கப்பல். அப்பச்சி வாங்கிய வண்டியில்தான் பிள்ளை வாசலை விட்டு இறங்க வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. ஆகவே வண்டியை அன்று சாயந்தரமே முகப்பில் கிழக்குப் பார்க்க நிறுத்தி, விபூதியும் குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

"கொட்டகைக்குக் கொண்டுபோயி பட்டையை மாத்திட்டுக் கொண்டாரேன் ஆச்சி" என்றார் மச்சான்.

"பயணத்துக்கு நிறுத்தின வண்டியைப் பின்னுக்கு எடுக்கப்படாதுப்பா. இங்கனயே பாரு" என்று சொல்லிவிட்டார்கள்.

முகப்புத் தரை வழுவழுவென்று இழைத்த கல். மோட்டாரைத் தூக்கிக் கட்டை கொடுக்க அது இடமில்லை என்று மச்சானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீடு கட்டி மிஞ்சிய பர்மாத் தேக்குக் கட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கி, அடியில் சாக்கை மடித்துப் போட்டோம். முதல் நாளே இடப்பக்கம் முடிந்தது. காலையில் எழுந்து வலப்பக்கம் ஆரம்பித்தோம். நல்ல நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று மச்சான் ஆச்சியிடம் சொல்லியும் விட்டார்.

துருப்பிடித்த ஆணி ஒன்று வரமாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் ஊற்றினோம், அடித்தோம், மறுபடி ஊற்றினோம். அது கழன்றபோது வெயில் படிக்கு வந்திருந்தது. வீட்டுக்குள்ளே யாரும் சத்தமாகப் பேசவில்லை. புறப்படுகிற வேளையில் வாசலில் யாரும் 'வேண்டாம்' என்றோ 'நில்' என்றோ 'எங்கே' என்றோ சொல்லிவிடக் கூடாது. சமையல்காரம்மாளுக்கு வாய் நிற்காது என்று அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிக் கதவையும் சாத்தியிருந்தார்கள்.

"நம்ம பக்கம் பயமில்லை. ஒன்னை வாசல்லயே நிறுத்தலாம். வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசுற ஆளு" என்று மச்சான் என்னைச் சீண்டிவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

புதுப் பட்டை விறைப்பாக வளைந்திருந்தது. ஆணி நுழைய அதன் முனையிலிருந்த காதும் சட்டத்துத் துளையும் நேருக்கு வரவில்லை. நான் கடப்பாரையை மேலே கொடுத்து முழு உடம்போடு அழுத்தினால்தான் நேருக்கு வரும். அந்த நேரம் பார்த்து மச்சான் ஆணியைச் சொருக வேண்டும். அழுத்தினேன். அவர் விரல்கள் இரண்டு இரும்புக்கு நடுவே இருந்தன. நான் கையை விட்டால் கடப்பாரை எகிறும், பட்டை நிமிரும், அவர் விரலும் மிஞ்சாது, முகமும் மிஞ்சாது.

அப்போது நடையில் கால்சத்தம் கேட்டது. விபூதித் தட்டை ஏந்திக்கொண்டு ஆச்சி வந்தார்கள். பின்னால் பட்டு வேட்டியும் மாலையுமாகப் பிள்ளை.

"நேரம் தப்புது. வேலை முடியுறப்ப முடியட்டும். நீ ஏறி உக்காந்து எந்திரிச்சிரு ராசா. அதுவே பொறப்பட்ட மாதிரி" என்று ஆச்சி மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

வண்டிக்கு அடியில் ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் என் தலை மட்டும்தான் தெரியும். நான் வழக்கம்போல ஏதோ துடைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குக் கை இரண்டும் வேலையில். ஓடிப்போய் மறிக்க முடியாது. வாய் ஒன்றுதான் இருந்தது. அதுவோ ஆச்சியிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன், மச்சான் பதில் சொல்வார். பேசினாலும் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் அபசகுனம். 'கொஞ்சம் பொறுங்க' என்றாலும் அபசகுனம்தான். முதல் பயணத்துக்கு வாசலில் நின்று குறுக்குச் சொல் சொன்னவன் என்ற பேர் எனக்கும் மச்சானுக்கும் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கையிலேயே பிள்ளை வலது காலைத் தூக்கி இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருந்த மிதிபலகையில் வைத்துவிட்டார்.

வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. என் பக்கத்துக் கட்டைக்கு மேல் பாரம் குறைந்து, அடியிலிருந்த சாக்கு சுருண்டு, கட்டை கல்லின் மேல் வழுக்கிக் கோணிக்கொண்டது. அதன் ஓரம் மட்டும்தான் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏறாதீக" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளை திடுக்கிட்டுக் காலை எடுக்கப் போனார். எடுத்தால் பாரம் முழுக்க அந்தக் கோணல் கட்டைக்குத் திரும்பும்.

"எறங்காதீக. அசையாதீக. அப்படியே நில்லுங்க. கீழ ஆள் இருக்கு."

ஒரு கால் பலகையில், ஒரு கால் தரையில். பிள்ளை அப்படியே நின்றார். கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆச்சி தட்டோடு நின்றார்கள்.

கீழிருந்து மச்சான் குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல். "மாப்ளே, கம்பியை மட்டும் விட்ராதே. விரலை எடுத்துக்கிறேன்."

என் தோள் இற்றுப்போகும்போல இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. அவர் ஒரு விரலை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். ஒன்று மாட்டிக்கொண்டது. "இன்னங் கொஞ்சம் அமுக்கு" என்றார். எங்கிருந்து வந்த பலமோ, அமுக்கினேன். அவர் முதுகைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வெளியே வந்தார். வேட்டி ஓரம் எதிலோ மாட்டியது. அவிழ்த்து அங்கேயே விட்டுவிட்டு, கோவணத்தோடு வெளியே வந்து விழுந்தார்.

"கம்பியை விடு" என்றார். விட்டேன். கடப்பாரை தூணில் மோதி விழுந்தது.

மிச்சமிருந்த ஒரு கட்டையைக் காலால் சட்டத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, "இப்ப எறங்குங்க, மெதுவா" என்றார். பிள்ளை இறங்கினார். கோணியிருந்த கட்டை பிய்த்துக்கொண்டு சுவரில் போய் அடித்தது. வண்டி ஒரு சாண் இறங்கி மற்றக் கட்டையில் உட்கார்ந்தது. அவருடைய வேட்டி சட்டத்துக்கு அடியில் மறைந்துபோய், ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது.

மச்சான் ஆச்சி முன்னால் கோவணத்தோடு நிற்கிறோமே என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆச்சி அதைப் பார்க்கவில்லை. வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடி பட்டுச்சா?"

"தோலு போச்சு ஆச்சி. வேறொண்ணுமில்லை."

ஆச்சி என் பக்கம் திரும்பினார்கள். "நீயா சொன்னது?"

நான் தலையை ஆட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றோடு அந்த வீட்டில் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை முகம் வெளுத்துப்போய், "ஆத்தா, இன்னக்கிப் போக வேணாமோ?" என்றார்.

"நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார்கள் ஆச்சி. "அவனாவது ஒரு ஆளைக் காப்பாத்துறதுக்காகச் சொன்னான். நீ எதுக்குச் சொல்றே?" பிறகு பிள்ளையை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். நல்ல நேரம் தீர்வதற்குள் பிள்ளையின் பெட்டியை எடுத்துக் கிழக்குப் பக்கத்துப் பங்காளி வீட்டில் வைத்தார்கள். பரஸ்தானம் என்பார்கள். பெட்டி வாசலைக் கடந்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிள்ளை அப்புறம் எந்நேரம் போனாலும் தோஷமில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அதையும் நான் சொல்லவில்லை.

ஒரு புது வேட்டி வெளியே வந்தது. மச்சான் கட்டிக்கொண்டார். தரையில் மணலைக் கொட்டி, அதன்மேல் கட்டை கொடுத்து, மீதி வேலையை முடித்தோம். அவர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. ஆணி ஒரே தட்டில் உள்ளே போனது.

மத்தியானம் புறப்பட்டோம். பிள்ளை உள்ளே, நான் டிக்கியில். திருமயம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. பழைய குலுக்கல் இல்லை. திருச்சியில் பிள்ளையை ரயில் ஏற்றிவிட்டு ஸ்டேஷனிலேயே படுத்திருந்து, விடிந்ததும் திரும்பினோம். இந்தத் தடவை மச்சான் என்னை உள்ளே மெத்தையில் உட்காரச் சொன்னார்.

புதுக்கோட்டைக்கு இப்பால் ஆளில்லாத ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஏதோ பழுது என்று நினைத்தேன். அவர் கையைப் பார்த்தேன். ஓட்டுகிற சக்கரத்தைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின. முந்தின நாள் முழுக்க ஆடாத கை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தண்ணீர் கொடுத்தேன், பாதி மடியில் சிந்தியது.

"ஏதாச்சும் பேசு மாப்ளே" என்றார்.

என்ன பேசுவதென்று தெரியவில்லை. அக்காள் வளர்க்கிற ஆட்டைப் பற்றிச் சொன்னேன். அது அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியை மேய்ந்தது, அதற்கு வந்த சண்டை, இரண்டு வீட்டுக்காரிகளும் பேசிக்கொண்ட பேச்சு, எல்லாம் சொன்னேன். முடிந்ததும் எங்கள் கண்மாயில் மீன் பிடித்த கதையைத் தொடங்கினேன். வெயில் ஏறியது. நான் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது, அவ்வளவு பேச்சு அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. கடைசியில் அவர் கையை மடியில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

எழுதியது: வெகுதானிய வருஷம், மாசி மாதம் ஒன்பதாம் தேதி.