அறுநூறு வை, வைனே

தோக்கொரோவாவில் தச்சர் மாரா கட்டிக்கொடுத்த சுவரில் குறை சொன்னவர் இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூடக் கிடையாது. பனிக்கும் மழைக்கும் பெயர் போன ஊர் அது. கதவு உப்பும், ஜன்னல் இறுகும், கூரை முனகும். மாராவின் சுவர் மட்டும் அசையாது. வீடு கட்டச் சொல்லி வருகிறவர்களிடம் முதலாளி லின்ட்சே அவரைக் காட்டி, "இந்தாளு சுவரு நிறுத்தினா ரசமட்டத்துக்கே வெக்கம் வந்துரும்" என்பார். மாரா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்தி, அவர் மனைவி வைனே.

விஷயம் இதுதான். மாராவுக்கு எண்களைப் படிக்க வராது. எழுத்தும் வராது. வாயால் எண்ணச் சொன்னால் ஆயிரம் வரை எண்ணுவார். தாளில் எழுதிக் காட்டினால் போச்சு. ஆறு தலைகீழாகும், நாலு நகர்ந்து போகும், பூஜ்யம் எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும். மங்கையா தீவிலிருந்து பதினாலு வயதில் இங்கே வந்து பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சத்தம் போடாத பையன் என்பதால் வாத்தியார்களும் அவரைச் சத்தம் போடாமல் வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டார்கள். புண்ணியவான்கள்!

அப்படிப்பட்டவர் தச்சு வேலையில் எப்படிக் காலம் தள்ளினார் என்றால், தந்திரம்தான். முதல் கட்டையை யாராவது அளந்து வெட்டினால், அதை மேலே வைத்து மற்றதை எல்லாம் வெட்டிவிடுவார். வரைபடம் வந்தால், "கண்ணாடிய வீட்ல விட்டுட்டேன், நீயே படி" என்று ஹோவானியிடம் தள்ளிவிடுவார். ஹோவானி அவரோடு பதினைந்து வருடமாக ஆணி அடிக்கிற மாவோரிக்காரன், வாய் ஓயாதவன். அங்கிளுக்கு மறதி என்று ஊரெல்லாம் கேலி பேசினானே தவிர, பதினைந்து வருடத்தில் அந்தக் கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே என்று அவனுக்கு உறைக்கவில்லை. சபையில் மூன்று முறை டீக்கனாக இருக்கச் சொன்னார்கள். டீக்கன் என்றால் எழுந்து நின்று வேதம் வாசிக்க வேண்டும். மாரா மூன்று முறையும் மறுத்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பணிவா!" என்று போதகர் உருகிப் போனார்.

மிச்சம் இருந்த ஒரே சிக்கலை நண்டு தீர்த்தது. நண்டு என்று அதற்குப் பெயர் வைத்தது ஹோவானிதான். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஓர் அலுமினியக் கம்பி; நீட்டலாம், சுருக்கலாம். மேலே மில்லிமீட்டர் கோடுகள், இறுக்க ஒரு திருகு. மரச்சுவரின் சட்டத்துக்குள் வரிசையாக நிற்கும் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன்மேல் அடிக்கிற பிளைவுட்டின் விளிம்பு கட்டைமேல் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும். நண்டை வேண்டிய எண்ணில் இறுக்கிவிட்டால், ஒரு கொக்கி நிற்கிற கட்டையைக் கவ்வும். மறு கொக்கி அடுத்த கட்டையின் இடத்தைப் பிடித்துக் கொடுக்கும். டேப் வேண்டாம், பென்சில் வேண்டாம், படிக்கவும் வேண்டாம்.

அந்த எண்ணில் இறுக்குகிற வேலை வைனேயுடையது. நாளைக்கு நானூறா அறுநூறா என்று லின்ட்சே மாலையிலேயே சொல்லிவிடுவார். எண்ணெய் போடுகிறேன் என்று மாரா நண்டை வீட்டுக்கு எடுத்துப்போவார். காலையில் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, "அறுநூறு வை, வைனே" என்பார். அவள் ஒரு கையால் திருகி, "இந்தா உன் நண்டு, கடிக்காம பாத்துக்க" என்று நீட்டுவாள். கம்பியில் ரகசியமாகக் கீறி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். கீறினார். இரண்டே நாளில் ஹோவானி, "இதென்ன அங்கிள் கோடு?" என்று கேட்டுவிட்டான். அன்று சாயங்காலமே அரத்தால் தேய்த்து அழித்துவிட்டார். வைனே இருக்கும்போது கோடு எதற்கு என்றும் நினைத்திருப்பார்.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை. ஒரு வீட்டின் பின்பக்கத்தில் புது அறை. இரண்டு சுவர்ச் சட்டங்களைக் காலையிலேயே அடித்து நிமிர்த்திவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஹோவானி முதல் பிளைவுட்டைத் தூக்கி வைத்து, ஓரத்தில் ஆணித் துப்பாக்கியை அழுத்தினான். ஆணி மறுபக்கமாகப் பாய்ந்து காங்கிரீட் தரையில் 'டிங்' என்று விழுந்தது.

"ஏய், கட்டை எங்க?" என்றான் ஹோவானி. சட்டத்துக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். "அங்கிள், இங்க கட்டையே இல்ல!"

"பிளைவுட்டு அளவு தப்பா வந்திருக்கும்" என்றார் மாரா. சத்தியமாக அப்படித்தான் நம்பினார்.

லின்ட்சே டேப்பை இழுத்தார். ஒரு தடவை பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "பிளைவுட்டு சரியாத்தான்யா இருக்கு. கட்டைக்குக் கட்டை ஐநூத்தி அறுபது நிக்குது. அறுநூறுன்னுதானே சொன்னேன்?" தரையில் கிடந்த நண்டை எடுத்துப் பார்த்தார். "இதுவே ஐநூத்தி அறுபதுலதான் நிக்குது!"

லின்ட்சே மெதுவாக ஹோவானி பக்கம் திரும்பினார்.

"நீ விளையாடினியா?"

"நானா? எங்கம்மா மேல சத்தியமா இல்ல! கையுறைக்குள்ள பசை ஊத்தினது நான்தான், அதை ஒத்துக்கறேன். நண்டை நான் தொடவே இல்ல!"

மாரா இரண்டு மூச்சு நேரம் சும்மா நின்றார். ஒரு நல்ல பையன் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு மூச்சை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு கூசுகிறது. பிறகு, "நான்தான். கை தவறிருச்சு" என்றார்.

"உனக்கா?" என்றார் லின்ட்சே. அவர் குரலில் கோபம் இல்லை. சூரியன் மேற்கே உதித்தது என்று யாரோ சொன்னதுபோல் பார்த்தார். நண்டைத் தானே அறுநூறில் இறுக்கிக் கொடுத்துவிட்டு, அடித்ததைப் பிரிக்கச் சொன்னார். சாயங்காலம் வரை பிரித்து அடித்தார்கள். "இனிமே கண்ணாடிய கழுத்துல கட்டித் தொங்க விட்டுக்க அங்கிள்" என்று ஹோவானி சீண்டினான். மாராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வைனேயா தவறு செய்தாள்? திவைவை என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெண்கள் கூட்டத்தில் துணி வெட்டுவதற்கு முன் இவளைத்தானே எண்ணச் சொல்லுவார்கள்? ஏதோ நினைப்பில் திருகியிருப்பாள் என்று மனதை ஆற்றிக்கொள்ளப் பார்த்தார். ஆறவில்லை. சரியாக நிற்கிற நண்டின் இரு கொக்கிகளுக்கு நடுவே அச்சாகப் பொருந்தும்படி ஒரு கட்டைத்துண்டை வெட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவளைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, சமையலறை மேசையில் திருகைத் தளர்த்திவிட்டு, "அறுநூறு வை, வைனே" என்றார்.

"இன்னைக்கும் வேலையா?" என்று கேட்டுக்கொண்டே அவள் திருகினாள். சபைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். கை கொஞ்சமும் தயங்கவில்லை. மாரா பின்வாசலுக்குப் போய்க் கட்டைத்துண்டை வைத்துப் பார்த்தார். கொக்கிகளுக்கு இடையில் அது நுழையவே இல்லை. தளர்த்திக்கொண்டு வந்து, "திருகு லூஸா இருந்துச்சு, இன்னொரு தடவை வை" என்றார். இந்த முறை துண்டு ஒரு பக்கம் வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை அதைவிட அகலம்.

"இங்க என்ன போட்டிருக்கு? விரலை வெச்சுக் காட்டு" என்றார்.

வைனே ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தாள். "அறுநூறு. என்னய்யா, எனக்கே பரீட்சை வெக்கறியா?" என்று கலகலவென்று சிரித்தாள்.

அவள் விரலுக்குக் கீழே இருந்தது அறுநூறா, வேறு ஏதாவதா? மாராவால் சொல்ல முடியவில்லை. கட்டைத்துண்டு மட்டும் இல்லை என்றது. அவருக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கூப்பிடுகிற எண்ணை அட்டையில் தேடி அடிக்கிற ஹவுசி ஆட்டம் என்றால் உயிரை விடுகிற வைனே, ஒரே நேரத்தில் ஆறு அட்டை விளையாடுகிற வைனே, நாலு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. முட்டி வலி என்றாள். ஒழிந்தது சூதாட்டம் என்று இவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருந்தார். மடையன், மடையன் என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். கூப்பிட்டால் வருவாளா? மகள் தேகுரா சொன்னால்தான் கேட்பாள். தேகுரா கேட்டால், அம்மாவுக்கு எண் தெரியவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பாள். பதில் சொன்னால் இத்தனை வருடம் மூடி வைத்தது அத்தனையும் வெளியே வரும். அப்பாவைப் போல் கெட்டிக்காரர் கிடையாது என்று நம்புகிற பெண். சொல்லாவிட்டால் வைனே இப்படியே கரைந்துபோவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேகுரா வழக்கம்போல் ஹாமில்டனிலிருந்து வந்துவிட்டாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை. வைனே சமையலறையில் தேங்காய்ப்பாலில் சேப்பங்கீரை கிண்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் மாரா குரலைத் தாழ்த்தி நண்டு கதையைச் சொன்னார்.

"அப்பா, நீங்க தப்பா வெச்சுட்டு அம்மா தலைல போடாதீங்க" என்று தேகுரா சிரித்தாள். "போன வாரம் அம்மா தைச்சதைப் பாத்தீங்களா? ஒரு தையல் கோணல் இல்ல. அவங்களுக்கா மறதி?"

"நான் வெக்கல."

"பின்ன யாரு வெச்சா?"

"அவதான். எப்பவுமே அவதான். நான் ஒருநாளும் வெச்சதில்ல, தேகுரா. எனக்கு நம்பர் படிக்க வராது. எழுத்தும் வராது."

தேகுரா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றது.

"என் ஸ்கூல் ரிப்போர்ட்டுல எல்லாம் நீங்கதானே கையெழுத்துப் போடுவீங்க?"

"போடுவேன். என்ன எழுதியிருக்குன்னு உங்கம்மா சொல்லுவா."

"நான் கணக்குல ஃபெயில் ஆனேனே, நீங்க ஒண்ணுமே சொல்லலையே. எவ்வளவு பெரிய மனசுன்னு நினைச்சேன்..."

"ஃபெயிலா?" என்றார் மாரா. "அவ சொல்லவே இல்லையே!"

தேகுராவின் கண் நிறைந்துவிட்டது. "இது யாருக்கெல்லாம் தெரியும்ப்பா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு மட்டும்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து."

வாசலில் நிழல் ஆடியது. கீரைச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வைனே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. சட்டியை மேசைமேல் வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?" என்றாள்.

மாரா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"முப்பத்தி நாலு வருஷம் கூடவே இருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லல, மாரா?"

"அம்மா..." என்றாள் தேகுரா. மாராவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

வைனே போய் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். மாராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழாத" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."