நொண்டாத காலை

குடிநீர் வாரிய மண்டல அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுன்டரில் புது இணைப்பு, பெயர் மாற்றம், மீட்டர் புகார் ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். அங்கே உட்காரும் பெண்மணி வருடத்தில் மூன்று தடவை ஒரு வாரம் காணாமல் போவார். எங்கே என்று கேட்டால் பக்கத்து கவுன்டர்காரர் தலையை நிமிர்த்தாமல் பதில் சொல்வார்: "ரிசர்வ் மேடமா? யாருக்காவது கால் சுளுக்குதான்னு பாக்க ஃப்ளைட் ஏறிப் போயிருக்காங்க."

அது கேலிதான், பொய் இல்லை. அவருக்கு வயது முப்பத்து மூன்று. வேலை, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தது. சர்வதேச பாட்மின்டன் போட்டிகளின் காத்திருப்போர் பட்டியலில், அதாவது ரிசர்வ் பட்டியலில், முதல் இரண்டு இடங்களுக்குள் அவர் இருப்பார்.

விதி எளிமையானது. பிரதானச் சுற்றில் முப்பத்திரண்டு பேர். இருபத்தெட்டு பேர் தரவரிசைப்படி நேராக நுழைந்துவிடுவார்கள். மீதி நான்கு இடங்களுக்குப் பதினாறு பேர் முதல் நாள் மோதுவார்கள். அது தகுதிச் சுற்று. அந்தப் பதினாறு பேரில் ஒருவர் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் விலகினால், ரிசர்வில் முதலில் இருப்பவர் அதே இடத்தில் ஆடலாம். பன்னிரண்டு தாண்டி விலகினால் அந்த இடம் காலி. எதிராளி ராக்கெட்டை உறையிலிருந்து எடுக்காமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார்.

ஆறு வருடங்களில் மேடம் பதினேழு போட்டிகளுக்குப் போனார். ஆடியது நான்கில். மற்ற பதின்மூன்றில் ஐந்து தடவை யாரோ ஒருவர் பன்னிரண்டுக்குப் பிறகுதான் விலகினார். ஒரு வீராங்கனை காலையிலேயே பெட்டியோடு விமான நிலையம் போய்விட்டார். அவருடைய விலகல் கடிதம் பன்னிரண்டே காலுக்கு வந்தது. "மறந்துட்டாங்களாம்" என்றார் வருகைப் பதிவு மேசையில் இருந்த அதிகாரி. அன்று மேடம் ஷூ லேஸ் கட்டி, கைப்பட்டை மாட்டி, நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் பாட்மின்டன் சங்கத்துக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினார். ஆட முடியாது என்று தெரிந்த பிறகும் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது, வெளியே நிற்பவருடைய ஆட்டத்தைத் திருடுவது என்பது அதில் ஒரு வரி. சங்கம் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி அனுப்பியது.

கடிதத்தால் ஆகாததைக் கண்ணால் பழகிக்கொண்டார். ஹோட்டலின் காலை உணவுக் கூடத்தில் சுவரை ஒட்டிய நாற்காலியைப் பிடிப்பார். யார் படியில் கைப்பிடியைத் தொடுகிறார், யார் தட்டை இடது கையில் வாங்குகிறார், யார் முழங்காலில் நேற்று இல்லாத பிளாஸ்திரி என்று பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவர், ஒவ்வொரு முறை வழியனுப்பும்போதும் அதே கேள்வியைக் கேட்பார்: "இந்தத் தடவ யார் கால் மேல கண்ணு?"

இந்த வருடம் கேலிக்கு இடம் குறைந்தது. வாரியத்தின் விளையாட்டு விடுப்புப் படிவத்தில் 'ஆடிய ஆட்டங்கள்' என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. வருடத்தில் ஒன்றாவது இருந்தால்தான் அடுத்த வருடமும் விடுப்பு. போனேன், காத்திருந்தேன், வந்தேன் என்பதெல்லாம் அதில் சேராது. இரண்டு போட்டிகள் முடிந்தும் கட்டத்தில் பூஜ்யம். மூன்றாவதுதான் கடைசி.

அந்தப் போட்டிக்குப் போனபோது முதல் ரிசர்வ் மேடம். இரண்டாம் ரிசர்வ் அவர் நாட்டுப் பெண்ணே, பத்தொன்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். சங்கம் இருவருக்கும் ஒரே அறை போட்டிருந்தது.

தகுதிச் சுற்றுக்கு முந்தைய நாள் மதியம், அந்தப் பதினாறு பேரில் ஐந்தாம் தரநிலையில் இருந்த வீராங்கனை முதுகுவலி என்று விலகினார். மேடம் உள்ளே வந்தார். அதோடு அந்தப் பெண் முதல் ரிசர்வ் ஆனாள். "வாழ்த்துகள்க்கா. இன்னும் ஒருத்தி விழுந்தா நானும் உங்ககூட" என்று கை குலுக்கினாள்.

மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக் கோர்ட்டில் மேடம் பின்னால் ஓடி ஒரு பந்தை எடுத்தார். யாரோ அடித்துவிட்டு எடுக்காமல் போட்ட பழைய ஷட்டில் ஒன்று கோட்டோரம் கிடந்தது. வலது கால் அதன் மேல் ஏறி, கணுக்கால் வெளிப்பக்கம் மடங்கியது. எழுந்து, சிரித்து, இன்னும் நாலு பந்து அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். கோர்ட்டைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், எதைப் பார்ப்பார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

அறைத்தோழி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் குளியலறை வாளியில் ஐஸ் கொட்டி இருபது நிமிடம் காலை வைத்தார். தண்ணீரை ஊற்றி, தரையைத் துடைத்து, வாளியைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலை எழுந்து படுக்கையிலிருந்து கதவு வரை ஆறு தடவை நடந்து பழகினார். குதிகாலைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் வலி தாங்கும் அளவுக்கு இருந்தது.

உணவுக் கூடத்தில் சுவரோர நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முட்டை உரித்துக்கொண்டிருந்தவள், மேடம் உட்காரும் வரை கையை அசைக்கவில்லை.

"அக்கா, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"இல்ல, ரொம்ப நேரா நடக்கறீங்க. காலைல ஏழு மணிக்கு எவளும் இவ்ளோ நேரா நடக்க மாட்டா. எல்லாரும் தூக்கத்துல தள்ளாடிக்கிட்டுதான் வருவாளுங்க."

மேடம் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். "சாப்பிடு. முட்டை ஆறுது."

"வாளி தலைகீழா இருந்துச்சு. நான் குளிச்சிட்டு அப்படி வைக்கலையே."

"நீ போலீஸ்ல சேரலாம்."

"பேச்ச மாத்தாதீங்கக்கா. உங்களால பின் கோட்டுக்கு ஓட முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

மேடம் தட்டை நகர்த்தினார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எங்க கேம்ப் நோட்டீஸ் போர்டுல உங்க லெட்டர ஒட்டி வச்சிருந்தாங்க. திருடறதுன்னு எழுதியிருந்தீங்கல்ல? நான் அத ஃபோன்ல படம் புடிச்சு வச்சிருக்கேன். கேலிக்கு இல்லக்கா. புடிச்சிருந்துச்சு."

மேடம் எழுந்தார். எழும்போது மேசை விளிம்பைப் பிடித்தார். அந்தப் பெண் அதையும் பார்த்தாள்.

பதினோரு மணிக்கு விளையாட்டு அரங்கின் தாழ்வாரத்திலிருந்து மேடம் கணவருக்குப் போன் செய்தார். காலைப் பற்றி, கட்டத்தைப் பற்றி, அந்தப் பெண்ணைப் பற்றி மூன்றையும் சொன்னார்.

"ஆட்டம்னு கணக்காகணும்னா எவ்ளோ ஆடணும்?" என்றார் கணவர்.

"ஒரு பாயின்ட் போதும். கோர்ட்ல இறங்கி ஒரு சர்வீஸ் போட்டுட்டாலே ஆட்டம்தான்."

"அப்ப எறங்கிட்டு வா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அவளுக்குக் கால் நல்லா இருக்கே."

"உனக்கும் நல்லா இருந்த நாள்ல எவ வெலகி எடம் குடுத்தா?"

"அதத்தான் நானும் சொல்லிப் பாக்கறேன்."

"சொல்லிப் பாத்து?"

"சரியாத்தான் இருக்கு. ஆனா வாய்ல நிக்க மாட்டேங்குது."

"நான் எட்டாவது மாடியில தொங்கிட்டு இருக்கேன்மா. நீயே முடிவு பண்ணு" என்றார் கணவர்.

பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம். வருகைப் பதிவு மேசையில் இரண்டு தாள்கள்: ஒன்று கையெழுத்துக்கு, இன்னொன்று விலகலுக்கு. அதிகாரி எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்: "உடம்பு எல்லாம் சரிதானே?"

"சரி" என்று சொல்லி மேடம் முதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

எதிர்ப் பெஞ்சில் அந்தப் பெண் ஷூ மாட்டி, தலைமுடியை இறுக்கிக் கட்டி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அதிகாரி விலகல் தாளின் குறுக்கே கோடு கிழித்தார். அவள் குனிந்து லேஸை அவிழ்த்தாள்.

மேடத்தின் ஆட்டம் இரண்டரைக்கு. எதிராளி, போட்டி நடத்தும் ஊர்க்காரர் என்று சலுகையில் இடம் பெற்றவர்; தரவரிசையில் மேடத்தைவிடப் பத்து இடம் கீழே. ஐந்தாம் தரநிலை வீராங்கனையின் இடம் என்பதால் ஆட்ட அட்டவணையில் வாய்த்த சுலபமான எதிராளி. நல்ல காலோடு இருந்தால் மேடம் ஜெயித்திருக்கக்கூடிய ஆட்டம். முதலில் வலைக்கருகே விளையாடி மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் போனார். எதிராளிக்கு விஷயம் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகு எல்லாப் பந்தும் பின்கோட்டுக்கு வந்தது. பன்னிரண்டுக்கு ஏழு என்று பின்தங்கியிருந்தபோது மேடம் ஒரு பந்துக்குத் திரும்பினார், கால் திரும்பவில்லை. உட்கார்ந்தபடியே நடுவரைப் பார்த்து, இனி ஆட முடியாது என்று கையை உயர்த்தினார். மொத்தம் பதினொரு நிமிடம்.

அந்தப் பிரிவில் எதிராளியை அடுத்துச் சந்திக்க வேண்டியவர் அன்று மூன்று செட் ஆடி, வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து, ஸ்கோர் பலகையைப் பார்த்து, "இவளுக்கு மட்டும் பதினொரு நிமிஷமா?" என்று தன் பயிற்சியாளரிடம் கத்தினார்.

மேடம் அறைக்கு வந்தபோது அந்தப் பெண் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் கட்டில் நுனியில் உட்கார்ந்து காலைத் தலையணை மேல் வைத்தார். இப்போது நேராக வைக்க வேண்டிய அவசியம் இல்லை. கணுக்கால் நீலமாக இருந்தது.

"எத்தனை பாயின்ட்?" என்றாள் அந்தப் பெண்.

"ஏழு."

"லீவு கெடச்சிரும்ல?"

"உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். தாழ்வாரத்துல போன்ல. தூணுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்."

மேடம் நிமிர்ந்தார். "அப்ப அங்கயே வந்து கேட்டிருக்கலாமே."

"காலைலயே கேட்டேனே. ரெண்டு தடவ எதுக்குக் கேக்கணும்?" அவள் ராக்கெட் உறையின் ஜிப்பை இழுத்தாள். "நான் ஆடியிருந்தா?"

"அவளுக்குப் பேக்ஹேண்ட் கெடையாது. ரெண்டு செட்ல முடிச்சிருப்ப."

"தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு ஐஸ் கேட்கக் கீழே போனாள்.