அப்பா விழவில்லை என்று நான் சொன்னேன்

முதல் அறிகுறி அப்பாவின் உடம்பில் தெரியவில்லை, ஒரு சுவரில் தெரிந்தது. பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்காரருக்கு அப்பா வீடு கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு எழுந்திருந்த சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி இடிக்கச் சொன்னார். கொத்தனார் மாரியப்பன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். சுவர் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் இடித்தார்கள். மேஸ்திரியிடம் மறுபேச்சு பேசும் பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

அன்று சாயங்காலம் மாரியப்பன் எனக்குப் போன் செய்தார். "அக்கா, மேஸ்திரிக்குக் கண்ணு கிண்ணு சரியாத் தெரியலீங்களா?" என்று கேட்டார். எழுபத்து நாலு வயசாச்சு, கண்ணாடி மாத்தோணும் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அப்பா பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் போனவர். பதினேழு வருடம் இருந்து, இடது கால் விரல் இரண்டைப் பனிக்குக் கொடுத்துவிட்டு, திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பினார். பென்ஷனை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் கொத்துக்கரண்டி பிடித்தார். சுற்றுவட்டாரத்தில் அவர் வீடு கட்டாத தெரு குறைவு.

நான் அவருக்கு ஒரே மகள். என் கணவர் இறந்தபோது என்னையும் கைக்குழந்தையையும் கூட்டிவந்து, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டிக்கொடுத்தார். "இது உன்ற ஊடு, ஆரையும் கேக்கோணும்னு இல்ல" என்றார். அம்மாவும் போய்ப் பல வருடமாகிறது. அப்பா இல்லாவிட்டால் எனக்கு நாதியில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

சுவரை இடித்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலைவலி என்றார். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, அது தெரியாமலே நடந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு, "சோறு தின்னுட்டனா அம்மிணி?" என்று கேட்டார். அன்றே திருச்செங்கோட்டில் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் வலைக்குழல்) வைத்ததிலிருந்து அப்பா ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மருந்துச் சீட்டைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "பெரியவர் எங்கயாவது விழுந்தாரா? தலையில அடி பட்டுதா?"

"நானா? நான் எதுக்குங்க உழுகறேன்?" என்றார் அப்பா.

"எங்கப்பா விழற ஆள் இல்லீங்க டாக்டர்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். பெருமையாகச் சொன்னேன்.

தலைசுற்றலுக்கு மருந்து தந்து, ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் சேலத்தில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சரியாகவில்லை. "வாசக்கால் வெச்சுட்டு வாரேன் அம்மிணி, ஓடியா போவுது ஸ்கேனு?" என்றார் அப்பா. தலைவாசல் நிலை நிறுத்த நல்ல நாள் குறித்திருந்தார்கள். நானும் சரியென்று தலையாட்டினேன். தினமும் அந்த மாத்திரையை உறையிலிருந்து பிரித்து என் கையாலேயே கொடுத்தேன்.

டாக்டரைப் பார்த்த ஒன்பதாம் நாள் காலை அவரால் எழ முடியவில்லை. இடது கை துவண்டு தொங்கியது. என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸில் சேலம் போய்ச் சேருமுன் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றபோது மாரியப்பன் வந்தார். சுவரோரமாக நின்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"அஞ்சு வாரமாச்சுங்க அக்கா. அஸ்திவாரச் செவுத்து மேல நின்னவரு உழுந்துட்டாருங்க. தலை செங்கல் மேல பட்டுச்சு. மண்ணைத் தட்டி உட்டுட்டு எந்திரிச்சவரு, ஆருகிட்டயும் மூச்சு உடக்கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டாருங்க."

எங்கள் பக்கத்தில் வாசக்கால் வைக்குமுன் கட்டிடத்தில் ஆள் விழுந்தால் சகுனத்தடை என்பார்கள். விழுந்தது மேஸ்திரி என்றால் மேஸ்திரியையே மாற்றிவிடுவார்கள். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதைச் சும்மா கேலிக்குச் சொல்கிறோம். என் அப்பா அதற்காக உயிரையே பணயம் வைத்தார். பாவி மனுஷா! நான் மாரியப்பனை அடிக்கக் கை ஓங்கினேன். அவர் நகராமல் நின்றார்.

சப்டியூரல் ஹெமட்டோமா (மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே தேங்கும் ரத்தம்) என்றார் அறுவை மருத்துவர். வயதானவர்களுக்கு அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாதாம். வாரக்கணக்கில் கசிந்து மூளையை ஒருபக்கமாக அமுக்குமாம்.

"அந்த மாத்திரையை நிறுத்தியிருந்தா?" என்று கேட்டேன்.

"அதை இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மண்டையில் இரண்டு துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி தேங்கி, மறுபடி எடுத்தார்கள். அப்புறம் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. கும்பிட்ட சாமியையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். போய்ச் சேர்ந்துவிட்டால்கூடத் தேவலை என்று ஒரு மதியம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். உங்களில் யாராவது அப்படி நினைத்திருந்தால், நானும் நினைத்தவள்தான்.

பன்னிரண்டாம் நாள் "தண்ணி" என்றார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இடது பக்கம் பாதிதான் வேலை செய்கிறது. நான் பிடித்துக்கொண்டால் எட்டடி நடப்பார். சில நாள் காலையில் ராணுவத்தில் இருக்கிறார், என்னிடம் இந்தியில் பேசுகிறார். மதியத்துக்கு மேல் மேஸ்திரியாகி ஜல்லி வந்துவிட்டதா என்று கேட்கிறார். ஒருநாள் முழுக்க மகளாக இருக்க எனக்கு வாய்ப்பதில்லை.

என்னைப்போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். விழுந்தீர்களா என்று பெரியவரிடம் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். கூட வேலை செய்கிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மானத்துக்குப் பயந்தவர் மருத்துவரிடமும் பொய்தான் சொல்வார்.

போன மாதம் ஒரு காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே தொப்பென்று சத்தம். நான் திரும்புவதற்குள் தெருவே கேட்கும்படி அப்பா கத்தினார்.

"அம்மிணி! ஓடியா சாமி! நான் உழுந்துட்டேன்!"

வாழ்நாளில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். அன்றே எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் மெதுவாகக் கசியலாம், ஆறு வாரம் கவனியுங்கள் என்றார்கள்.

எனக்கு இப்போது திங்கள், செவ்வாய் கிடையாது. விழுந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறேன். மறுபடி ரத்தம் தேங்கினால் அந்த இடது கை இன்னும் தாழுமாம். தினமும் காலையில் இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கச் சொல்வேன். "எதுக்கு அம்மிணி?" என்பார். "சும்மாதானுங்கப்பா" என்பேன்.

இன்று பத்தொன்பதாவது நாள். இடது கை வலது கையைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. நேற்றும் அவ்வளவுதானா என்று எனக்கு நினைவில்லை.