தண்ணீருக்குள் போன முளை

செவ்வாய்க்கிழமை மாலை நானும் அப்பாவும் அவர் படகைக் கட்டிவைக்கும் இரும்பு முளையைக் கரையில் பத்துத் தப்படி மேலே மாற்றி அடித்தோம். நான் முளையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சம்மட்டியால் அடித்தார். பிறகு படகையும் முளை வரை மேலே இழுத்து, அதில் கட்டினார்.

ஜூனில் பனி உருகி, எங்கள் அணை ஏரி நாளுக்கு நாற்பது சென்டிமீட்டர் ஏறும். மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் முளை மூழ்கிவிடும். அதற்கு மேலும் விட்டால், கயிற்றின் நீளம் தீர்ந்து படகின் மூக்கு தண்ணீருக்குள் போகும். இங்கே இரண்டு பேர் அப்படிப் படகை இழந்திருக்கிறார்கள். அப்பா இழந்ததில்லை.

அவர் பெயர் பால்சர். எங்கள் கிராபுண்டன் மாநிலத்து மலைப்பாதையில் முப்பத்தோரு வருடம் தபால் பேருந்து ஓட்டினார். ஓய்வுபெற்ற பிறகு மீன்தான். மற்றவர்கள் ஆழத்தில் தூண்டில் போடுவார்கள்; அவர் கரையை ஒட்டிப் போடுவார். ஏறும் தண்ணீர் புல்லை மூடும்போது மண்புழுவும் எறும்பும் வெளியே வரும். அதைத் தேடி ட்ரவுட் மீன் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். அதற்கு நீர்மட்டம் தெரிய வேண்டும். நான் அணையின் அளவீட்டுப் பொறியாளர். தினமும் காலை ஆறரைக்குப் போன் வரும்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"நேத்து நாப்பத்திரெண்டு சொன்னியே."

"நேத்து வெயில்ப்பா."

"சரி, வை. மீன் காத்துக்கிட்டிருக்கு."

நல்லா இருக்கியா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிடித்ததில் பெரிய மீன் ஈரப் புல்லில் சுற்றி என் வீட்டு வாசலில் இருக்கும்.

அவருடைய மீன்பிடி நண்பர் கியேரிக்கு இதில் பொறாமை.

"பொண்ணு தண்ணிய ஏத்துறா, அப்பன் மீன அள்ளுறான். நல்ல குடும்பத் தொழில்டா."

"நீயும் ஒரு இன்ஜினியரப் பெத்திருக்கலாம்ல? யாரு தடுத்தா?"

அந்தச் செவ்வாய்க்கிழமை சம்மட்டியைத் துடைத்தபடி அப்பா சொன்னார்: "வெள்ளிக்கிழமை நானே மாத்திக்கிறேன். நீ லீவு போடாத."

வியாழன் காலை பூட்ஸ் மாட்டும்போது அவர் இதயம் நின்றது.

திங்கட்கிழமை அடக்கம். அது முடிந்து விடுதியில் பார்லி சூப் பரிமாறினார்கள். கியேரி என் பக்கம் குனிந்தார்.

"படகை யாரு மாத்துனா?"

கரண்டியை வைத்தேன். ஆறு நாள், இரண்டு மீட்டர் நாற்பது. செவ்வாயன்று முளை தண்ணீருக்கு ஒரு மீட்டர் இருபது மேலே இருந்தது. இப்போது அதே அளவு கீழே இருக்கும். கயிறு இரண்டு மீட்டர். இன்னும் இரண்டு நாள்தான்.

தண்ணீரில் இறங்க அப்பா மாட்டும் ரப்பர் கால்சட்டை கியேரியின் கொட்டகையில் தொங்கியது. கறுப்பு உடைக்கு மேலேயே மாட்டினேன். அது நெஞ்சு வரை வந்தது.

"உள்ள இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு," என்றார் கியேரி. பிறகு தன் கயிறு ஒன்றையும் புது முளையையும் எடுத்துக்கொண்டார்.

இடுப்புக்கு மேல் தண்ணீர். படகு முளைக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது. படகின் மூக்கில் அப்பா போட்ட முடிச்சு; குளிரில் விரல் வளையவில்லை.

"கத்தி தரட்டுமா? வெட்டிவிட்டுட்டு வா," கரையிலிருந்து கியேரி கத்தினார்.

"வேணாம்."

பதினொரு நிமிடத்தில் அவிழ்ந்தது. படகை இழுத்துவந்து கியேரியின் கயிற்றால் புது முளையில் கட்டினோம். அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு முறை நான் மாற்றுகிறேன்.

வெள்ளிக்கிழமை அப்பா பிடுங்கியிருக்க வேண்டிய முளை கயிற்றோடு ஏரிக்குள் நிற்கிறது. குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்குத் தண்ணீர் திறப்பதால், மார்ச்சில் நீர் அந்த மட்டத்துக்கு இறங்கும்; அப்போது பிடுங்கலாம். சம்மட்டி என் காரில் இருக்கிறது.