மயில் விரட்டும் சத்தம்

மயில் அழகான பறவை என்று சொல்கிறவர்களுக்குக் கடலைக்காடு கிடையாது என்று அர்த்தம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கிறது. காய் பிடிக்கிற பருவம் வந்தால் போதும், கூட்டமாக இறங்கி, காலால் மண்ணைக் கிளறி, தின்று முடித்துவிட்டுத் தோகையை இழுத்துக்கொண்டு நடந்து போகும். அடிக்கவும் முடியாது. ஒரு பக்கம் தேசியப் பறவை, இன்னொரு பக்கம் முருகனின் வாகனம். அரசாங்கத்திலும் ஆள் இருக்கிறது, கோயிலிலும் ஆள் இருக்கிறது. இப்படிப்பட்ட செல்வாக்குள்ளவர்களை எங்கள் ஊரில் யாரும் பகைத்துக்கொள்வதில்லை.

பகைத்துக்கொண்ட ஒரே ஆள் அம்மா. வரப்பில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். "ஏஏஏ... ஓஓஓய்!" அதில் சொல் என்று எதுவும் இருக்காது. குரலுக்குப் பின்னாலேயே ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து மயிலுக்கு ஒரு முழம் தள்ளி விழும். இது படவில்லை, அடுத்தது படலாம் என்று மயிலே முடிவு செய்துகொள்ளும். அதே குரலுக்கு அப்பாவும் அஞ்சுவார். நெஞ்சுச்சளி வந்ததிலிருந்து அவருக்குப் பீடி தடை. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் புகை தெரிந்தால் அம்மா அதே சத்தத்தை அந்தப் பக்கம் திருப்புவாள். மண்ணாங்கட்டி போகாது. சில நாள் அதுவும் போகும்.

நான் பாப்பாரப்பட்டியில் ஒரு பிளக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எதுவாக இருந்தாலும் முகத்தை வெள்ளையாக்கிக் கொடுப்பது என் தொழில். மிச்ச நேரத்தில் மடிக்கணினியில் சிந்தசைசர் கற்றுக்கொண்டிருந்தேன். கட்டை வைத்த கருவி எதுவும் கிடையாது, எல்லாம் மென்பொருள்தான். திரை முழுக்கத் திருகுகள் இருக்கும். "ங்ங்ங்" என்று ஒரு வெறும் சத்தத்தை எடுத்து, அதைத் தேய்த்து, வெட்டி, வளைத்து வேண்டிய சத்தமாக்க வேண்டும். யூடியூபில் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரர் பேசியது பாதிதான் புரிந்தது. "எந்தச் சத்தத்தையும் இதில் செய்யலாம்" என்று அவர் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. அதை வீட்டிலும் சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருக்குமா?

முதலில் செய்த பாட்டை அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டுக் கேட்கவைத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கிரைண்டர்ல கல்லு சிக்குன மாதிரி இருக்குது. நல்லாத்தான் இருக்குது. எப்படா நிக்கும்?"

அதற்குப் பிறகு அவளுக்குத் தொண்டை கட்டியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகுப்பால், சுக்கு, உப்புத்தண்ணீர் எல்லாம் ஆன பிறகும் குரல் தேறாமல், தருமபுரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனோம். வாய்க்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். குரல்நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது என்றார்.

"நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாதுங்கம்மா. கத்துனா, அப்புறம் குரல் திரும்பி வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டர் விரலைத் தூக்கினார். மூடிக்கொண்டாள். அவளைப் பேச்சில் மடக்கிய முதல் மனிதரை அன்றுதான் பார்த்தேன். பேருந்தில் வரும்போது அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து, சோறு போட்டுவிட்டு, அப்பாவைக் கூப்பிட அவள் தட்டில் கரண்டியால் தட்டியபோது சிரிப்பு போய்விட்டது. அந்தத் தட்டுச் சத்தத்தைவிட மோசமான ஒன்றை நான் கேட்டதில்லை. பயமாக இருந்தது.

மயில்களுக்குச் செய்தி போய்விட்டது. அப்பா கத்தினார், திரும்பிப் பார்த்துவிட்டு மேய்ந்தன. நான் கத்தினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காய்கறி வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, பென்டிரைவில் நாய் குரைக்கிற சத்தத்தைப் போட்டுவிட்டோம். சத்தம் மட்டும்தான் வருகிறது, நாய் வருவதில்லை என்பதைக் கண்டுபிடிக்க மயிலுக்கு அதிக நாள் ஆகவில்லை. அம்மா வரப்பில் நின்று துடிப்பாள். வாய் தானாகத் திறக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். அப்பா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்துவார்.

"கடல போனா போவுது. கத்தாதடி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் கெஞ்சி நான் பார்த்தது அப்போதுதான். காட்டுக்கு வராதே என்றால் கேட்கிற ஆள் இல்லை அவள். என்றைக்காவது ஒரு நாள் பொறுக்காமல் கத்திவிடுவாள். அதற்குள் அவளுக்குப் பதில் வேறு ஏதாவது கத்தியாக வேண்டும். எந்தச் சத்தத்தையும் செய்யலாம் என்று பீற்றிக்கொண்டவன் வீட்டில் ஒருவன் இருந்தான்.

பழைய பதிவு கிடைத்தால் வேலை சுலபம். அவள் வைத்திருப்பது பட்டன் போன், அதில் பதிவு எதுவும் கிடையாது. சித்தப்பா வீட்டுக் கல்யாண வீடியோவில் ஒரே இடத்தில் அவள் குரல் கேட்கிறது. "சாப்ட்டுட்டுதான் போவணும்" என்கிறாள். அதைப் போட்டால் மயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்.

பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் திட்டு வாங்கியவன், எனக்குத் தெரியாதா என்று உட்கார்ந்தேன். தெரியவில்லை. முதலில் வந்தது ஆட்டுக்குட்டி. பக்கத்துக் கொட்டாயிலிருந்து ஓர் ஆடு பதில் சொன்னது. அடுத்தது குக்கர் விசில். மூன்றாவது, அரூர் பேருந்தின் ஹாரன். அம்மா ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு உள்ளங்கையை விரித்து ஆட்டினாள். ஆட்டை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லிச் சைகை காட்டித் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.

ஒருவழியாக ஹெட்போனில் பயங்கரமாக ஒன்று வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்புகிற கனமான குரல். எனக்கே உடம்பு சிலிர்த்தது. காட்டில் கொண்டுபோய்ப் போட்டால் பூனைக்குட்டி. நான் வாரக்கணக்கில் சேர்த்த கனம் முழுவதையும் அந்தக் குழாய் விழுங்கிவிட்டது. மயில் ஒன்று நின்று, கேட்டு, தோகையை விரித்து ஆடியது. என் இசைக்கு ஆடிய முதல் ரசிகர் அவர்தான். மண்ணாங்கட்டியை நானே எறிந்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. குழாய்க்குக் கனம் தெரியாது, நடுக்குரல்தான் தெரியும். அம்மாவின் தொண்டையும் ஒரு குழாய்தானே? கனத்தை எல்லாம் வெட்டி எறிந்தேன். கண்ணை மூடி, அவள் என்னைக் கிணற்று மேட்டிலிருந்து கூப்பிட்டதை, பரீட்சையில் கோட்டைவிட்ட அன்று கூப்பிட்டதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். "ஏ" கூரையில் கல் விழுகிற மாதிரி சட்டென்று ஆரம்பிக்கும். நடுவில் கொஞ்சம் கரகரப்பு. "ஓ"வுக்கு மாறும் இடத்தில் குரல் உடைந்து மேலே ஏறும். கடைசியில் இழுத்து அடங்கும். அந்த இழுவைக்கும் ஒரு திருகு இருக்கிறது, ரிலீஸ் என்பார்கள். இத்தனை நாள் திட்டைத்தான் கேட்டிருக்கிறேன், குரலைக் கேட்டதே இல்லை. அப்படி நினைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே கரகரப்பைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஒரு காலையில் ஸ்பீக்கரைக் காட்டு ஓரத்தில் வைத்தேன். சத்தத்துக்கு நான், மண்ணாங்கட்டிக்கு அம்மா என்று ஏற்பாடு. மயில்கள் இறங்கின. அழுத்தினேன்.

"ஏஏஏ... ஓஓஓய்!"

கழுத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. அம்மாவின் மண்ணாங்கட்டி பறந்தது. மயில்களும் பறந்தன. மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பீடியும் பறந்தது. அதற்குப் பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பா ஓடி வந்தார்.

"அடியே, உனக்கு அறிவு இருக்குதா? டாக்டர் அவ்ளோ சொன்னாரே! குரல் போச்சுன்னா நான் என்னாடி பண்ணுவேன்?" அவள் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஸ்பீக்கரைக் காட்டினாள். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பவில்லை. அதற்குள் அம்மா அவர் கையை எடுத்து விரலை முகர்ந்து பார்த்துவிட்டாள். முகம் மாறியது. கத்த முடியாதே. என் பக்கம் திரும்பி, பட்டனை அழுத்து என்று தலையை ஆட்டினாள். அழுத்தினேன். அப்பா மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து வரப்பில் வைத்துவிட்டார்.

கடலை மிச்சமானது. அம்மாவும் கத்தவில்லை. மறுபடி தருமபுரிக்குப் போனோம். டாக்டர் கேமராவை வெளியே எடுத்து, தடிப்பு வற்றிவிட்டது, ஆனால் இனி எப்போதும் கத்தக்கூடாது என்றார்.

"இப்ப மெதுவா ஏதாவது பேசுங்கம்மா, பார்ப்போம்."

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். குரல் வருமா, யாருடைய குரலாக வரும் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எச்சிலை விழுங்கினாள். டாக்டரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் இதைச் சொல்லத்தான் காத்திருந்திருக்கிறாள்.

"கடைசியில இழுவ பத்தலடா."

பாதி காற்று, பாதி கரகரப்பு. ஆனால் அவள் குரல்தான். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "சரிம்மா, ரிலீஸக் கூட்டிடறேன்" என்றேன்.