மணக்குதோ, மாமி?

தக்சாயினி என்ற பெயரை புஷ்பராணி முதன்முதலில் கேட்டது தொலைபேசியில். மகன் கீர்த்தனன், "அம்மா, தக்சாயினி எண்டு ஒரு பிள்ளை..." என்று தொடங்கி முடிப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு பெண்குரல் பதறியது. "கீர்த்தி, ஒருக்கா ஓடி வாரும். மணக்குதோ எண்டு பாரும்!"

சோறு அடிப்பிடித்துவிட்டதாக்கும் என்று புஷ்பராணி நினைத்தாள்.

"சோறில்லை அம்மா, பெற்றோல்" என்றான் மகன்.

ஆருடைய பிள்ளை, எந்த ஊர் என்று கேட்டால் அவனுக்கு ஜெர்மனியில் வூப்பெற்றால் நகரம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. புஷ்பராணி தானே விசாரித்துக் கண்டுபிடித்தாள். அளவெட்டி லொறிக்காரச் சின்னத்துரையரின் மூன்றாவது மகளுடைய மகள். சின்னத்துரையரின் தமக்கையைக் கட்டியவர் புஷ்பராணியின் தகப்பனாருக்கு ஒன்றுவிட்ட தமையன். முறை பிழைக்கவில்லை. தொழில்தான் தொண்டையில் சிக்கியது. எசன் நகரில், பழைய இத்தாலிக் கார்களை மட்டும் திருத்துகிற ஒரு கூடத்தில் எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறவளாம்.

நேரில் வந்தபோது பார்த்தால், ஒரு பிடி உடம்பு. நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தன. கொண்டையில் செருகியிருந்ததை ஊசி என்று நினைத்தாள்; கிட்டப் பார்த்தால் பேனா அளவில் ஒரு ரோர்ச் லைற். கதிரையின் நுனியில்தான் இருப்பாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கினால் குடிப்பதற்கு முன் அடியைத் தடவி ஒழுகுகிறதா என்று பார்ப்பாள். வீட்டுக்குள் வந்து அரை மணித்தியாலத்துக்குள் அடுப்பை மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

தொழிற்பயிற்சிக் காலத்தில் அவளுக்கு முன்னால் ஒரு கார் எரிந்திருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கூடத்தின் கூரை மட்டும் போனது. பெற்றோல் கசிந்திருந்தது அவளுடைய மூக்குக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அந்த மணத்துக்குள்ளே நிற்கிறவளுக்கு அது பழகிப்போயிருந்தது. அன்றிலிருந்து மற்றவர்களின் மூக்கை இரவல் வாங்குகிறாள். தபால்காரனிடம் கேட்பாள், பக்கத்து வீட்டு ஜெர்மன்காரியிடம் கேட்பாள், வாசலில் நிற்கிற எவரிடமும் கேட்பாள். "மணக்குதோ?"

மற்றப்படி வாய் திறந்தால் எஞ்சின் கதைதான். "முன்னுக்கு எஞ்சின் இருந்து முன் சில்லை இழுத்தால், மாமி, மாடு வண்டில் இழுக்கிற மாதிரி. பின்னுக்கு எண்டால் ஆள் பிடிச்சுத் தள்ளுற மாதிரி. நடுவிலை, சீற்றுக்குப் பின்னாலை வைச்சிருப்பினம் சிலதிலை. முதுகிலை பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓடுற மாதிரி, கத்துறது முழுக்கக் காதுக்குள்ளை. இன்னொண்டு இருக்கு, எஞ்சின் முன்னுக்கு, கியர்ப்பெட்டி பின்னுக்கு. காவுதடி மாதிரி, பாரம் ரெண்டு பக்கமும் சரியா நிக்கும்."

மனிதர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தாள். கீர்த்தனன் நடு எஞ்சின். புஷ்பராணியின் புருஷனுடைய தமக்கை பூமணி முன் எஞ்சின்: "அவ வாறதுக்கு முன்னமே சத்தம் வந்திடும்."

"அப்ப நான்?" என்று புஷ்பராணி கேட்டாள்.

"நீங்கள் பின் எஞ்சின், மாமி. முன்னுக்குத் திறந்து பார்த்தால் ஒண்டும் விளங்காது."

புஷ்பராணி சிரித்தாள். முன்னுக்குத் தெரியாத ஒன்று அவளிடம் உண்மையாகவே இருந்தது. கொரோனா வந்து போனபோது அவளுடைய மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தாளித்த மணமும் தெரியாது, ஊசிப்போன மணமும் தெரியாது. ரசத்தைக் கண்ணால் பார்த்து இறக்குகிறாள். மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய சமையலைத் தொடாமல் விடுவதற்குப் பூமணி மச்சாளுக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும்.

தக்சாயினி தனக்கென்று ஒரு கார் வைத்திருந்தாள். பால்தேத்தண்ணி நிறத்தில், ஒரு சின்ன உருண்டை இத்தாலிக் கார், பியற் ஐந்நூறு. துருப்பிடித்த தகரமாக வாங்கி, ஆணி ஆணியாகத் தானே பூட்டியது. எஞ்சின் வாலில். முன்மூடியைத் திறந்தால் பெற்றோல் தாங்கியும் ஒரு உதிரிச் சில்லும்தான் இருக்கும். ஆவணியில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்கு முன் சொந்தபந்தம் பெண்ணைப் பார்க்க வேண்டும், காருக்கும் பூசை செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாக முடிக்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்கு ஏற்பாடு செய்தது புஷ்பராணிதான்.

"ஐயரிட்டைச் சொல்லிவிடுங்கோ மாமி" என்று தக்சாயினி இரண்டு தடவை சொன்னாள். "எஞ்சின் பின்னுக்கு. முன்னுக்கு நெருப்புக் காட்ட வேண்டாம்."

"ஓம், ஓம்" என்றாள் புஷ்பராணி. சொல்லவில்லை. காரின் பின்பக்கத்துக்கு ஆராவது கற்பூரம் காட்டுவினமோ? ஐயரிடம் அதை எந்த வாயால் சொல்வது? எஞ்சின் எங்கே இருந்தால் என்ன, முகம் முகம்தானே என்று விட்டுவிட்டாள்.

காலையில் தாங்கியை முட்ட நிரப்பிக்கொண்டு தக்சாயினியும் புஷ்பராணியும் புறப்பட்டார்கள். மற்றவர்கள் கீர்த்தனனின் பெரிய காரில் முன்னாலே போய்விட்டார்கள். பெருந்தெருவில் லொறிகள் கடக்கும்போதெல்லாம் சின்னக் கார் நடுங்கியது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. தக்சாயினி ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வளைவிலை பயந்து காலை எடுக்கக்கூடாது, மாமி. எடுத்தால் வால் சுத்திக்கொண்டு முன்னுக்கு வந்திடும். பயந்தாலும் மெல்ல மிதிச்சுக்கொண்டுதான் இருக்கவேணும்." கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தாள். பிறகு, "மணக்குதோ?"

"இல்லைப் பிள்ளை."

தக்சாயினி தெருவோரத் தரிப்பிடத்தில் நிறுத்தி இறங்கினாள். முன்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். தாங்கி மூடியின் றப்பர் வளையம் புதிது, இன்னும் படியவில்லை என்று முணுமுணுத்தாள். மூடியைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"வடிவாப் பாருங்கோ மாமி. என்ரை மூக்கை நம்பேலாது. மணக்குதோ?"

புஷ்பராணி குனிந்தாள். மூச்சை இழுத்தாள். காற்றுத்தான் வந்தது. ராகுகாலத்துக்கு முன் பூசை முடிய வேண்டும். கோயில் வாசலில் பூமணி மச்சாள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஒண்டும் இல்லை. ஏறு, போவம்."

கோயிலடியில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தார்கள். ஐயர் முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, மந்திரம் சொன்னார். பூமணி மச்சாள் காரைப் பார்க்கவில்லை. பெண்ணின் நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயர் தேங்காயின் மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு காரின் மூக்குக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

தக்சாயினி அசையாமல் நின்றாள். புதுப்பெண், பெரியவர்களின் முன்னால் ஐயரை மறிக்க வாய் வரவில்லை. அவள் திரும்பி, காருக்கு அந்தப் பக்கம் நின்ற புஷ்பராணியைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மணக்குதோ?

இந்தப் பிள்ளை தன்னுடைய மூக்கை நம்பித்தான் அப்படி நிற்கிறது என்பது புஷ்பராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயா, நில்லுங்கோ! காட்டாதேங்கோ!" என்று கத்தினாள். "எனக்கு மணம் தெரியாது! எனக்கு மூக்கு வேலை செய்யிறேல்லை!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தக்சாயினி அதற்குள் பாய்ந்துவிட்டாள். ஐயரின் கையிலிருந்த தேங்காயை எரிகிற கற்பூரத்தோடு இரண்டு உள்ளங்கையாலும் பறித்து, கோயிலடிக் கால்வாய்ப் பக்கமாக ஓடி, புல்லைத் தாண்டிச் சரளைக் கல்லில் வைத்தாள். திரும்பி வந்து முன்மூடியைத் திறந்தாள். கட்டியிருந்த வெள்ளைத் துணி மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு துளி, பிறகு இன்னொரு துளி, ஐயர் குனிந்து நின்ற இடத்தில் விழுந்தது. கிட்ட வந்த கீர்த்தனன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

ஐயர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "எஞ்சின் எங்கை பிள்ளை?"

"பின்னுக்கு, ஐயா."

"அப்ப பின்னுக்குக் காட்டுவமோ?"

"பின்னுக்குச் சூடு, ஐயா. அந்த மரத்தடியிலை நிண்டு காட்டுங்கோ. அங்கையிருந்தும் அதுக்குத் தெரியும்."

ஆரோ சிரித்தார்கள். பூமணி மச்சாள் சிரிக்கவில்லை. "பூசை குழம்பிப் போச்சு, ராணி. இது நல்லதுக்கில்லை. கலியாண நாளை ஒருக்காத் தள்ளிப் பாருங்கோ. பொம்பிளையையும்தான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

தக்சாயினி சிவந்துபோன உள்ளங்கைகளை மடித்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"குழப்பினது நான், மச்சாள்" என்றாள் புஷ்பராணி. "கலியாணம் எனக்கில்லையே."

பிறகு போய்த் தக்சாயினியின் கைகளை இழுத்து விரித்துப் பார்த்தாள். ஐயரின் செம்பை வாங்கி, அபிஷேகத் தண்ணீர் என்றும் பாராமல், அந்தக் கைகளின் மேல் முழுவதையும் ஊற்றினாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. பூமணி மச்சாள் வந்தாள், சாப்பிட்டாள், உப்பில்லை என்றாள்.

தக்சாயினி இன்னமும் கேட்கிறாள், கேள்விதான் வேறு. கார் எடுக்கும் நாளில் தாங்கி மூடியைச் சுற்றித் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் புஷ்பராணியின் மணிக்கட்டில் வைப்பாள். பெற்றோல் பட்டால் தோல் சில்லிடும்; அதற்கு மூக்கு வேண்டாம். "குளிருதோ, மாமி?" புஷ்பராணி கண்ணை மூடி, அவசரப்படாமல், நன்றாக உணர்ந்துதான் பதில் சொல்கிறாள். சில நாள் திரும்பவும் ஒருக்கா வைக்கச் சொல்கிறாள்.

தக்சாயினி இப்போது எசனில், அவர்களுடைய வீட்டுக்குப் பின்னாலுள்ள முற்றத்தில், திறந்த முன்மூடிக்குப் பக்கத்தில், மாமியின் மணிக்கட்டில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.